அப்லேஷனா, மாத்திரையா: எந்த அபாயம் எந்த நாளில் வருகிறது?

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி ஒரு சீரில் ஓடாது. இரண்டு துடிப்பு விரைந்து வரும், ஒன்று காணாமல் போகும், பிறகு நான்கைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். “நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சப் புடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா” என்பார். முதல் இரண்டு முறை வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மூன்றாவது முறை வாசற்படியில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் ஈசிஜி எடுத்தோம். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. அப்பாவுக்கு வயது 66, ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உண்டு.

மருத்துவர் மூன்று வழிகள் சொன்னார். தாளம் தப்பினால் தப்பட்டும் என்று விட்டுவிட்டு, துடிப்பின் வேகத்தை மட்டும் மாத்திரையால் குறைப்பது முதல் வழி. தாளத்தையே சீராக வைத்திருக்கும் வேறு வகை மாத்திரை இரண்டாவது. தொடை இடுக்கு வழியாகக் குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுற்றிச் சுட்டுவிடும் கதீட்டர் அப்லேஷன் மூன்றாவது. “மூணாவதுதான் உங்களுக்குச் சரிங்கய்யா. சின்ன ரிஸ்க்தான்” என்றார்.

‘சின்ன ரிஸ்க்’ என்றால் எவ்வளவு? எதைவிடச் சின்னது? இந்தக் கேள்வியோடு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு நான் தேடிப் படித்ததும், மூன்று இதய மருத்துவர்களிடம் கேட்டதும் பயன்படும். எனக்குப் புரிந்தது இதுதான்: மூன்று வழியிலும் அபாயம் இருக்கிறது, ஆனால் அது வரும் நாள்தான் வேறு. அப்லேஷனின் அபாயம் ஒரே நாளிலும் அதையடுத்த எட்டு வாரத்திலும் குவிந்து கிடக்கிறது. மாத்திரையின் அபாயம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்கிறது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் வருகிற அபாயம், ஒரு நாள் காலையில் வாய் கோணிப் பேச்சுக் குழறும்போதுதான் தெரியும்.

அதனால் முதலில் பக்கவாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வாய்ப்பு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991லேயே சொல்லிவிட்டது. இதைத் தடுப்பது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. யாருக்கு அது தேவை என்பதற்குச் சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. 65 வயது கடந்ததற்கு 1, ரத்தக்கொதிப்புக்கு 1, சர்க்கரைக்கு 1 என்று அப்பாவுக்கு 3 வந்தது. மூன்று வழியில் எதைத் தேர்ந்தாலும் அவருக்கு இந்த மாத்திரை வேண்டும். அப்லேஷன் செய்துகொண்டால் மாத்திரைகளை எல்லாம் விட்டுவிடலாம் என்று நினைத்துப் பலர் போகிறார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அது தவறு என்று தெரிந்ததும் கொஞ்சம் வாடிப்போனார்.

ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு முகவரி

1998ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் தேடிப் பார்த்தார்கள். ஏஎஃப்பைக் கிளப்பிவிடும் கள்ளத் துடிப்புகளில் 94 சதவீதம், நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள்ளிருந்து பிறந்தது. இன்றைய அப்லேஷன் முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இடது மேலறையில் இப்படி நான்கு சிரைகள் வந்து சேர்கின்றன. அவற்றின் வாயைச் சுற்றி வட்டமாகத் தழும்பு உண்டாக்கிவிட்டால், உள்ளே பிறக்கும் கள்ளத் துடிப்பு வெளியே வர முடியாது.

இந்தப் பாதையைத் தெரிந்துகொண்டால் சிக்கல்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தொடை இடுக்கில் பெரிய சிரையில் துளை போடுகிறார்கள்; அங்கே ரத்தக் கசிவு, ரத்தக்கட்டு, பக்கத்துத் தமனியில் குத்துப்பட்டால் வீக்கம். பிறகு இதயத்தின் வலது, இடது மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் போகிறார்கள். அந்த ஊசியோ குழாயோ வெளிச்சுவரைத் துளைத்தால் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் ரத்தம் நிறைந்து இதயத்தை நசுக்கும். இடது மேலறையின் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். குழாயின் நுனியில் ரத்தம் உறைந்தாலோ காற்றுக் குமிழி நுழைந்தாலோ நேரே மூளைக்குப் போகும். வலது மேல் சிரைக்குப் பக்கத்தில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் மூச்சு வாங்கும். சிரையின் உள்ளேயே சுட்டுவிட்டால் அது மாதங்கள் கழித்துத் தழும்பேறிச் சுருங்கும். மேலறையின் பின்சுவரை ஒட்டினாற்போல உணவுக்குழாய் இறங்குகிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எத்தனை பேருக்கு? 2023ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 89 சோதனைகளில் பங்கேற்ற 15,701 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு 4.5 பேர். அதில் கடுமையானவை 2.4. தொடையில் ரத்தக்குழாய்ச் சிக்கல் 1.3 சதவீதம், இதய உறையில் ரத்தம் சேர்ந்தது 0.8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ 0.17. இறந்தவர்கள் 0.06 சதவீதம், அதாவது பத்தாயிரத்துக்கு ஆறு பேர். 2018 முதல் வெளியான சோதனைகளில் மொத்தச் சிக்கல் முந்தைய ஐந்தாண்டைவிடக் குறைந்திருக்கிறது.

இந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதுதான் என் கருத்து. சோதனைகள் தேர்ந்த கைகளில், தேர்ந்தெடுத்த நோயாளிகள் மீது நடப்பவை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மருத்துவமனைகளில் நடந்த சுமார் 93,800 ஏஎஃப் அப்லேஷன்களை ஆராய்ந்தபோது சிக்கல் 6.29 சதவீதமாகவும், மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 0.46 சதவீதமாகவும் இருந்தார்கள். அன்றைய கருவிகள் பழையவை, இதயநோய் முற்றியவர்களும் அதில் உண்டு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வருடத்துக்கு 25க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவர்களிடமும், 50க்குக் குறைவாக நடக்கும் மருத்துவமனைகளிலும் சிக்கல் அதிகம். ஆக, ‘அப்லேஷனின் ரிஸ்க் எவ்வளவு’ என்று பொதுவாகக் கேட்பதைவிட ‘இந்த அறையில், இந்தக் கையில் எவ்வளவு’ என்று கேட்பதுதான் நமக்கு வேண்டியது.

இந்த வேறுபாட்டை நான் கண்கூடாகப் பார்த்தது தொடையில்தான். நாங்கள் முதலில் போன இடத்தில் சிரையைக் கையால் தடவிப் பார்த்து ஊசி போடுவதாகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துச் சிரையையும் தமனியையும் திரையில் பார்த்தபடிதான் குத்துவோம் என்றார்கள். மிக அதிகம் பேருக்கு வரும் சிக்கல் தொடையில்தான்; பார்த்துக் குத்தினால் அது குறைகிறது. பெண்களுக்கு இந்தச் சிக்கல் ஆண்களைவிட அதிகம் என்பதால், அம்மாவுக்கோ அக்காவுக்கோ செய்வதாக இருந்தால் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள்.

இதய உறையில் ரத்தம் சேர்வது பெயரைக் கேட்டாலே பயமுறுத்தும். ஆனால் அப்லேஷன் செய்யும் அறையான கேத் லேபிலேயே தெரிந்துவிட்டால், மார்புக்குக் கீழே ஊசி செலுத்தி ரத்தத்தை வடித்துவிடுவார்கள். பெரும்பாலோர் அதோடு தப்பிவிடுகிறார்கள். வடிகுழாயாலும் நிற்காத சிலருக்கு அவசர அறுவை வேண்டியிருக்கும். அதனால் நான் கேட்ட அடுத்த கேள்வி: “இதே கட்டடத்தில் இருதய அறுவை மருத்துவர் இருப்பாரா, வரவழைக்கணுமா?” முதல் இடத்தில் வரவழைக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் இடம் மாறியதற்குத் தொடை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

உணவுக்குழாய்

மிக மிக அரிதானது. ஆனால் தெரியாமல் போனால் உயிர் போகும். அதனால்தான் இவ்வளவு இடம்.

பின்சுவரைச் சுடும்போது வெப்பம் உணவுக்குழாய்க்கும் கடந்துவிட்டால் அங்கே புண் உண்டாகும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு அந்தப் புண் ஆழமாகி, உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிடுகிறது. போட்டர்-ஏஎஃப் என்ற பன்னாட்டு ஆய்வு 2023ல் வெளிவந்தது. ஐந்தரை லட்சம் அப்லேஷன்களில் 138 பேருக்கு இது நேர்ந்திருந்தது, அதாவது பத்தாயிரத்துக்கு இரண்டரை பேர். ஆனால் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்தார்கள். வெறும் மருந்தோடு விடப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை.

இது அப்லேஷன் நாளில் வருவதில்லை. சராசரியாக 18ஆம் நாள். இரண்டு மாதம் வரை வரலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்கு வந்து, கோயிலுக்குப் போய்வந்து, பழைய நடைக்குத் திரும்பிய பிறகு. முதலில் காய்ச்சல். சிலருக்கு நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி. சிலருக்குத் திடீரென்று பக்கவாதம் போலக் கை கால் இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் காய்ச்சலுக்கு யாரும் அப்லேஷன் செய்த பெரிய மருத்துவமனையைத் தேடிப் போவதில்லை. தெருமுனைக் கிளினிக்குக்குத்தான் போவோம். ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை. விழுங்கும்போது வலி என்றால் வயிற்று மருத்துவரிடம் போவோம், அவர் எண்டோஸ்கோபி எழுதுவார்.

அந்த எண்டோஸ்கோபிதான் கூடாது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயை விரிக்கக் காற்றை ஊதுவார்கள். ஓட்டை இருந்தால் அந்தக் காற்று நேரே இதயத்துக்குள் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறிவிடும். அப்லேஷன் முடிந்து இரண்டு மாதத்துக்குள் இப்படி ஏதாவது வந்தால் முதலில் மார்புக்கு சிடி ஸ்கேன். எங்கள் மருத்துவர் இதைத் தன் கைப்பட ஒரு சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார்: ‘இவருக்கு இதயத்தில் அப்லேஷன் செய்யப்பட்டுள்ளது. காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்குவதில் சிரமம், கை கால் பலவீனம் இருந்தால் எண்டோஸ்கோபி செய்ய வேண்டாம். உடனே சிடி. எங்களை அழைக்கவும்.’ கீழே தொலைபேசி எண், அப்லேஷன் செய்த தேதி. அப்பாவின் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியோடு அந்தச் சீட்டும் இருந்தது. உங்கள் மருத்துவர் தானாகக் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இதேபோலப் பிந்தி வரும் இன்னொன்று நுரையீரல் சிரைச் சுருக்கம். சில மாதம் கழித்து இருமல், மூச்சிரைப்பு, சளியில் ரத்தம். இங்கே சளியில் ரத்தம் என்றதும் காசநோய் என்றுதான் எவரும் நினைப்பார்கள், அதில் தவறும் இல்லை. இதயத்தில் அப்லேஷன் செய்திருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சூடா, குளிரா, மின்துடிப்பா

தழும்பு உண்டாக்கும் விதம் மூன்று. நுனியால் புள்ளி புள்ளியாகச் சுடும் ரேடியோ அலை முறை பழையது, எங்கும் கிடைப்பது. சிரையின் வாயில் பலூனை வைத்து உறையவைப்பது கிரையோ. இரண்டையும் 762 பேரில் ஒப்பிட்ட ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ சோதனையில் (2016) பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு சிக்கலின் வகையில்: கிரையோவில் உதரவிதான நரம்பு அடிபட்டவர்கள் 2.7 சதவீதம், ரேடியோ அலையில் ஒருவரும் இல்லை. அந்த நரம்புப் பாதிப்பில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்குள் சரியாகிவிட்டன. உணவுக்குழாய் ஓட்டையிலோ நிலைமை தலைகீழ்: போட்டர்-ஏஎஃப் கணக்கில் ரேடியோ அலையில் 0.038 சதவீதம், கிரையோவில் 0.0015. அரிதாக வந்தாலும் உயிரைப் பறிப்பதா, அடிக்கடி வந்தாலும் ஆறிப்போவதா என்று கேட்டால், இரண்டும் ஒரே அளவு கைவந்த மருத்துவரிடம் நான் கிரையோவைத்தான் கேட்டிருப்பேன்.

மூன்றாவது, மின்துடிப்பால் இதயத் தசைச் செல்களின் உறையை மட்டும் துளைத்து அழிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு முறை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. இதயத் தசை இதற்கு எளிதில் மடியும். உணவுக்குழாயும் நரம்பும் தாங்கிக்கொள்ளும். ‘மேனிஃபெஸ்ட்-17கே’ என்ற தொகுப்பில் 106 மையங்களின் 17,642 பேரில் ஒருவருக்குக்கூட உணவுக்குழாய் ஓட்டை இல்லை, சிரைச் சுருக்கம் இல்லை, நீடித்த நரம்புப் பாதிப்பு இல்லை. பெரிய சிக்கல் மொத்தம் ஒரு சதவீதத்துக்குள். இதைப் படித்தபோது மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் இதற்கென்று சில புதிய சிக்கல்கள் உண்டு. இதயத்தின் ரத்தக்குழாய் இறுகிப்போவது 0.14 சதவீதம். சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவது இன்னும் அரிது, 0.03. பக்கவாதம் 0.12. குத்துவதும் துளைப்பதும் பழைய வழிதான் என்பதால் தொடையும் இதய உறையும் தப்பவில்லை. ரேடியோ அலை, கிரையோ இரண்டோடும் இதை நேருக்கு நேர் வைத்த ‘அட்வென்ட்’ சோதனையில் (2023) ஒரு வருடப் பலன் மின்துடிப்பில் 73 சதவீதம், மற்ற இரண்டில் 71; கடுமையான சிக்கல் மின்துடிப்பில் 2.1, மற்றவற்றில் 1.5. அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. 2025 ஜனவரியில் ஒரு நிறுவனத்தின் மின்துடிப்புக் கருவியைப் பயன்படுத்தியபின் பக்கவாதங்கள் பதிவானதால் அமெரிக்காவில் அதன் பயன்பாட்டைச் சில வாரம் நிறுத்தி வைத்து ஆராய்ந்தார்கள். புதியது என்பதாலேயே அபாயமற்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாத்திரையின் கணக்கு

அப்லேஷன் வேண்டாம் என்பவர்கள் ‘மாத்திரையோடு போகட்டும்’ என்கிறார்கள், மாத்திரைக்கு அபாயமே இல்லாததுபோல. தாளத்தைச் சீராக்கும் மாத்திரைகளில் நம்மிடையே அதிகம் எழுதப்படுவது அமியோடரோன். நன்றாக வேலை செய்யும். ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைக்குள் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாள் தேவை 0.15 மில்லிகிராம். தைராய்டு ஏறவோ இறங்கவோ செய்வது இதனால்தான். வெயில் பட்டால் தோல் எரியும், நாளடைவில் நீலச் சாம்பல் நிறம் படரலாம். கல்லீரல் பாதிக்கப்படலாம். எல்லாவற்றிலும் மோசமானது நுரையீரல் தழும்பேறுவது. நிறுத்தினாலும் மருந்து உடம்பை விட்டுப் போக மாதங்கள் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்காமல் வருடக்கணக்கில் அமியோடரோன் சாப்பிடுபவர்களை எனக்கே தெரியும். யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஃப்ளெகைனைடு என்ற மருந்துக்கு வேறு கதை. மாரடைப்பு வந்தவர்களின் தப்புத் துடிப்பை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று நம்பி அமெரிக்காவில் ‘காஸ்ட்’ சோதனையைத் தொடங்கினார்கள். துடிப்பு அடங்கியது, ஆனால் மருந்து எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள். 1989ல் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். அதனால் மாரடைப்பு வந்த இதயத்துக்கு இதைத் தருவதில்லை. ஆரோக்கியமான இதயம் என்றால் இன்றும் நல்ல மருந்து. தாளத்துக்கான இன்னொரு மாத்திரையான சோட்டலால் எடுப்பவர்களுக்கு ஈசிஜியில் ஓர் இடைவெளியை அளந்து பார்த்தபடியே இருக்க வேண்டும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும்.

2002ல் வந்த ‘அஃபர்ம்’ சோதனை 4,060 பேரில் தாளத்தைச் சீராக்கும் மாத்திரையையும் வேகத்தை மட்டும் குறைக்கும் மாத்திரையையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் முறையே 23.8, 21.3 சதவீதம். தாளத்தைத் துரத்தியதால் ஆயுள் கூடவில்லை. என் பெரியப்பாவுக்கு 81 வயது, ஏஎஃப் இருப்பதே வேறு எதற்கோ ஈசிஜி எடுத்தபோதுதான் தெரிந்தது. படபடப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை, காலையில் தோட்டத்துக்குப் போய்வருகிறார். அவருக்கு வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் ஒன்று, ரத்தம் உறையாமைக்கு ஒன்று. அவர் தொடையில் ஊசி குத்த எந்தக் காரணமும் இல்லை.

அப்பாவின் நிலை அப்படி இல்லை. இங்கேதான் பலனையும் தராசில் வைக்க வேண்டும். 2021ல் வெளிவந்த கனடாவின் ‘எர்லி-ஏஎஃப்’ சோதனையில், முதலிலேயே கிரையோ செய்தவர்களில் ஒரு வருடத்துக்குள் தாளம் மறுபடி தப்பியவர்கள் 43 சதவீதம், மாத்திரையில் 68. உடம்புக்குள் கருவி பதித்து ஒவ்வொரு துடிப்பையும் எண்ணியதால் எண் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ‘அப்லேஷன் செஞ்சா சரியாயிடும்’ என்று சொல்பவர்கள் இந்த 43ஐயும் சொல்ல வேண்டும். ஆயுளைப் பொறுத்தவரை, 2,204 பேரைச் சேர்த்த ‘கபானா’ (2019) மரணம், முடமாக்கும் பக்கவாதம், பெரும் ரத்தப்போக்கு, இதயநிறுத்தம் நான்கையும் சேர்த்துப் பார்த்தது: அப்லேஷனில் 8 சதவீதம், மாத்திரையில் 9.2. உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ‘காசில்-ஏஎஃப்’ சோதனையில் (2018) அப்படிப்பட்ட 363 பேரில் இறந்தவர்கள் அப்லேஷனில் 13 சதவீதம், மற்றவர்களில் 25. எக்கோவில் இதயத்தின் இறைப்புத் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதியிருந்தால், அப்லேஷனின் சிக்கலுக்குப் பயந்து தள்ளிப்போடுவதிலேயே பெரிய அபாயம் இருக்கலாம்.

காத்திருப்பது பற்றி இன்னொன்று. ‘ஈஸ்ட்-அஃப்நெட் 4’ என்ற ஐரோப்பியச் சோதனையில் (2020) 2,789 பேர். கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் தாளத்தைச் சீராக்க முனைந்தவர்களுக்கு, பெரும்பாலும் மாத்திரையாலேயே, பக்கவாதமும் இதயநோயால் மரணமும் குறைந்தன. வருடக்கணக்கில் நடுங்கி விரிந்துபோன மேலறையைப் பிறகு சரிசெய்வது கடினம்.

அத்தையின் இதயம் வேறு

இந்த எண்கள் எதுவும் பொருந்தாத ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அத்தைக்குச் சிறுவயதில் தொண்டைவலியும் மூட்டுக்காய்ச்சலும் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. அதனால் வந்த ஏஎஃப். நம் நாட்டில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் நிறைய. மேலே சொன்ன சோதனைகள் மேலைநாடுகளில் பெரும்பாலும் வால்வு நன்றாக உள்ளவர்களிடம் நடந்தவை. அத்தைக்கு வால்வைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அவர் சாப்பிடுவது அசிட்ரோம், ரத்தம் உறையாமைக்கான பழைய வகை மாத்திரை. மாதாமாதம் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறார், கீரையை அளவாகச் சாப்பிடுகிறார். ‘புது மாத்திரை வந்திருக்காமே, ரத்தப் பரிசோதனையே வேண்டாமாமே’ என்று மாற்றச் சொல்லிப் பலர் அவரிடம் சொன்னார்கள். 24 நாடுகளில் அத்தையைப் போல மூட்டுக்காய்ச்சலால் வந்த ருமேட்டிக் இதயநோயாளிகள் 4,500 பேரிடம் நடந்த ‘இன்விக்டஸ்’ (2022) சோதனையில், புது மாத்திரையான ரிவரொக்சபானைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களே குறைவாக இறந்தார்கள். அத்தை நோட்டை மூடவில்லை.

அப்பாவுக்கு நாங்கள் அப்லேஷனைத் தேர்ந்தோம். அதற்கு முன் நான்கு மாதம் எடையைக் குறைத்தார், மாலைப் பஜ்ஜியை விட்டார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆய்வில் பத்து சதவீதம் எடை குறைத்தவர்கள் தாளம் தப்பாமல் இருந்தது பல மடங்கு அதிகம். அப்லேஷனுக்குச் செய்யக்கூடிய நல்ல தயாரிப்பு அதுதான் என்று மருத்துவரும் சொன்னார். இரண்டாவது மருத்துவமனையில் அந்த மருத்துவரிடம் நேராகவே கேட்டேன்: “டாக்டர், போன வருஷம் நீங்க எத்தனை பண்ணீங்க, அதுல எத்தனை பேருக்கு என்ன ஆச்சு?” கோபப்படுவாரோ என்று பயந்தேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பதிவேட்டை எடுத்து, எண்ணைச் சொன்னார், இதய உறையில் ரத்தம் சேர்ந்த இரண்டு பேரைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். அங்கே இருந்தது ரேடியோ அலைக் கருவிதான். அவருக்குக் கைவந்ததும் அதுதான். உணவுக்குழாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே சுடுவோம், பிறகு சில வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தருவோம் என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம், பத்து நாளில் மஞ்சளாகி மறைந்தது. அம்மா தினசரி காலண்டரின் தாள்களைப் புரட்டி எண்ணி, அறுபதாவது தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தார்.

பத்தொன்பதாவது நாள் இரவு காய்ச்சல். 101. தெருமுனைக் கிளினிக்கில் வைரல்தான் என்று பாரசிட்டமால் எழுதத் தொடங்கினார்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். மருத்துவர் இரண்டு முறை படித்துவிட்டு, எழுதிய மருந்துச்சீட்டைக் கிழித்துப் போட்டு, “உடனே வண்டி வெச்சுக் கிளம்புங்கம்மா” என்றார். இரவு இரண்டு மணிக்கு சிடி. உணவுக்குழாயில் ஒன்றும் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுதான் என்று மறுநாள் தெரிந்தது. அந்த இரவில் ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பத்தாயிரத்துக்கு இரண்டரை என்ற எண் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

அறுபதாவது தாளை அப்பாதான் கிழித்தார். நாடி பார்த்தேன், சீராக இருந்தது. அன்று இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு, ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.